மண்ணில்லாக் கீரை: உப்புத் தண்ணீரிலிருந்து மழைநீர் வரை

கோவையில் எங்கள் வீட்டில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் எந்நேரமும் போர்த் தண்ணீர் வரும். அதை நாங்கள் உப்புத் தண்ணீர் என்போம். மற்றொன்றில் முறை வைத்து வரும் சிறுவாணித் தண்ணீர்தான் எங்களுக்கு நல்ல தண்ணீர். கடந்த செப்டம்பரில் மொட்டை மாடியில் மண்ணில்லாமல் பாலக்கீரை வளர்க்கத் தொடங்கியபோது, குடிக்கும் தண்ணீரைச் செடிக்குச் செலவழிக்க மனம் வராமல் உப்புத் தண்ணீரையே பிடித்தேன். முதல் மாதம் முழுவதும் வீணானதற்கு அதுவே காரணம்.

மின்சாரமோ மோட்டாரோ வேண்டாத கிராட்கி முறையைத் தேர்ந்துகொண்டேன். வாளியில் அசையாமல் நிற்கும் உரக்கரைசலில் செடியின் வேர்களைத் தொங்கவிட்டு வளர்க்கும் இதை வகுத்தவர் ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிராட்கி. 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் மூடியில் ஐந்து துளைகள் போட்டு, செடியைத் தாங்கும் இரண்டு அங்குல வலைக் கிண்ணங்களை (நெட் கப்) பொருத்தினேன். வெளிச்சம் புகுந்தால் உள்ளே பாசி பிடிக்கும் என்பதால் வாளிக்கு முதலில் கறுப்பு வண்ணமும், வெயிலைத் தாங்குவதற்காக அதன்மேல் வெள்ளை வண்ணமும் அடித்தேன். நாற்று விடுவதற்குப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஒன்றை வாங்கினேன். அதை ஊறவைத்த நீரில் மீட்டரை விட்டபோது, கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் இ.சி. (மின்கடத்துதிறன்) 1.9 காட்டியது, மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் 0.4க்கு இறங்கியது. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும் என்பதால் இந்த அலசலைத் தவிர்க்கக் கூடாது.

எங்கள் போர்த் தண்ணீர் உரம் கலப்பதற்கு முன்பே இ.சி. 2.6 காட்டியது. பாலக்கீரைக்கு உரத்தோடு சேர்த்தே 1.8 முதல் 2.3 வரைதான் தேவை என்னும்போது, நான் கலந்த உரம் முழுவதும் அதன்மேல் ஏறிய சுமையாயிற்று. நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவோ இன்னும் பிடிவாதமாக இருந்தது. நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு மாலையில் 6க்குக் கொண்டுவந்தால், மறுநாள் காலையில் 7.5க்கு மேல் போய் நிற்கும். நீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை விழுங்கிக்கொண்டே இருப்பதுதான் இதற்குக் காரணம். பி.எச். உயர்ந்தால், கரைசலில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலைகள் வெளிறி மஞ்சளாக, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. அதைச் சத்துக் குறைவு என்று கருதி மேலும் உரம் சேர்த்தேன். நுனிகள் கருகின.

மாடிக்கு வந்து பார்த்த அம்மிச்சி, "மண்ணுல வெச்சாலும் இந்தத் தண்ணிக்கு மல்லித்தழைகூட வராது கண்ணு, மழைத் தண்ணி புடிச்சு ஊத்திப் பாரு" என்றார். எனக்கு எந்த மீட்டரும் சொல்லாத வழி அது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், முதல் இரண்டு மழையை மாடி கழுவ விட்டுவிட்டு, மூன்றாவது மழையில் இரண்டு டிரம் நிறையப் பிடித்தேன். இ.சி. 0.1கூட இல்லை. மழைநீரில் கால்சியமோ மெக்னீசியமோ அனேகமாக இராது என்பதால் எல்லாவற்றையும் உரமே தர வேண்டும். கால்சியம் நைட்ரேட் அடங்கிய ஏ கரைசலையும், சல்பேட்டும் பாஸ்பேட்டும் அடங்கிய பி கரைசலையும் ஏன் தனித்தனியாக விற்கிறார்கள் என்பது அப்போது கண்கூடாகத் தெரிந்தது. ஏ அளந்த கிண்ணத்தைக் கழுவாமல் அதிலேயே பியை ஊற்றினேன். நொடியில் மோர்போல் வெளுத்து, அடியில் சுண்ணாம்பைப் போல் படிந்தது. படிந்தது படிந்ததுதான், செடிக்குக் கிடைக்காது. வாளி நிறையத் தண்ணீரில் முதலில் ஏயைக் கலக்கி, பிறகே பியைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் விதைப்பில் இன்னொரு தவறும் செய்தேன். செடிகள் குடித்து நீர்மட்டம் நான்கு அங்குலம் இறங்கியதைக் கண்டு, மீண்டும் விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். மறுநாள் நண்பகலில் அத்தனை செடிகளும் துவண்டு கிடந்தன. நீர் இறங்கும்போது மேலே வெளிப்படும் வேர்கள் காற்றைச் சுவாசிக்கப் பழகிக்கொள்கின்றன. இம்முறையின் உயிர்நாடியே அந்தக் காற்று இடைவெளிதான். பாதி நீரை வெளியேற்றிய பின் ஐந்தில் மூன்று செடிகள் பிழைத்தன. அவற்றிலிருந்து நவம்பர் இறுதியில் முதல் கீரையைப் பறித்தோம். அன்று இரவு பருப்போடு கடைந்து நால்வரும் சாப்பிட்டோம்.

டிசம்பர், ஜனவரி மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளிர்ந்த காலையும் மிதமான வெயிலும் இருந்ததால் எல்லாம் நன்றாக வளர்ந்தன.

மார்ச்சில், அதற்குள் மூன்றாகியிருந்த வாளிகளுள் ஒன்றில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கரைசலின் வெப்பம் 34 பாகை செல்சியஸைத் தொட்டது. சூடேறிய நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், வேரழுகல் பூஞ்சையும் பெருகும். வெள்ளையாயிருந்த வேர்கள் பழுப்பேறி, தொட்டால் வழுவழுப்பாகி, நாற்றமெடுத்தன. அந்த வாளியைக் கொட்டிக் கழுவி வெயிலில் காயவைத்தேன். மற்ற இரண்டு வாளிகளையும் கிழக்குச் சுவரோரம் நகர்த்தி, 50 சதவீத நிழல்வலையின் கீழ் வைத்து, ஈரக் கோணிச்சாக்கைச் சுற்றினேன். வெப்பம் 29 பாகைக்கு இறங்கியது. இப்போது இரண்டிலும் புதினாத் தண்டு வைத்து, ஒன்றில் மட்டும் மீன்தொட்டிக் காற்றுப் பம்பையும் விட்டுப் பார்க்கிறேன். பம்பு உள்ள வாளியில் புதினாத் தண்டு ஆறாம் நாளே வேர்விட்டுவிட்டது, இல்லாத வாளியில் இன்னும் கணுவில் வெள்ளைப் புள்ளி மட்டுமே தெரிகிறது. மழைநீர் டிரம்மில் இன்னும் ஒரு சாண் மீதமிருக்கிறது. அது தீர்ந்தபின் ஒரு வாளிக்குச் சிறுவாணித் தண்ணீரைப் பயன்படுத்தலாம் என்று வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது.