சதுப்பு நிலத்துச் சனிக்கிழமைகள்

31 ஆகஸ்ட் 2024, சனி

காலையிலேயே வீட்டுக்காரர் அட்டையைக் கையில் திணித்துவிட்டார். சிவப்பு மார்க்கரில் 'பார்க்கிங் 40'. ஸ்டேடியத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு இருந்தால், ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் இருக்கும் இந்தக் கெய்ன்ஸ்வில்லில் இது ஒரு பருவத் தொழில். புல்வெளியில் பதினோரு கார். தெருமுனையில் நின்று அட்டையை ஆட்டியதற்குக் கூலி, அவர் சுட்டுக் கொடுத்த இரண்டு ஹாட் டாக்.

ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி ஆடும் ஆட்டம் இல்லை, கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதிக்கொள்வது. ஸ்டேடியத்தில் 88,548 பேர் உட்காரலாம். அதற்கு 'சதுப்பு நிலம்' என்று பட்டப்பெயர் வைத்தவர் ஸ்டீவ் ஸ்பரியர். 1996இல் ஃப்ளோரிடாவுக்கு முதல் தேசியப் பட்டம் வாங்கித் தந்த கோச்.

இன்று மயாமி 41, நாம் 17. மூன்றாம் கால் பகுதியிலேயே என் பதினோரு காரில் நான்கு கிளம்பிவிட்டன. வெயில், புழுக்கம், ஆரஞ்சுச் சட்டைகளில் முகம் தொங்கிப்போன கூட்டம். கோச் பில்லி நேப்பியருக்கு இது மூன்றாம் ஆண்டு. முதல் ஆண்டு 6 வெற்றி 7 தோல்வி, இரண்டாம் ஆண்டு 5க்கு 7. வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டார்: போகட்டும்.

15 செப்டம்பர் 2024, ஞாயிறு

நேற்று டெக்சஸ் ஏ அண்ட் எம் இங்கே வந்து 33-20 என்று ஜெயித்துவிட்டுப் போனது. லேப்பில் நாகப்பட்டினத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். பதினான்கு வருஷமாக இதே ஊர். மஸ்சாம்ப், மெக்எல்வெய்ன், மலன் என்று மூன்று கோச்சுகளை வழியனுப்பியவர்.

"இவரும் போயிருவாரா அண்ணே?"

"தோக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல தம்பி. போன வருஷம் யூட்டா மேட்ச் பாத்தியா? நம்ம ஆளுங்க ரெண்டு பேர் ஒரே 3ஆம் நம்பர் சட்டையோட உள்ள நிக்கிறாங்க. பெனால்ட்டி. பந்து திரும்ப அவனுக்கே போச்சு. அதுல அவன் டச் டவுனும் போட்டுட்டான். கல்யாண வீட்டுல ரெண்டு மாப்பிள்ளை வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

சிரித்தேன். ஆனால் அந்தப் படம் மண்டையிலிருந்து போக மாட்டேன் என்கிறது. ஆண்டுக்கு 7 மில்லியன் டாலருக்கு மேல் சம்பளம், துணைக்கு ஒரு படையே உதவியாளர்கள். சட்டை எண்ணைச் சரிபார்க்க ஒரு ஆள் இல்லை.

2 நவம்பர் 2024, சனி

ஜாக்சன்வில்லில் ஜார்ஜியாவுடன் ஆட்டம். வீட்டுக்காரர் வீட்டு டிவியில் பார்த்தேன். முதல் ஆண்டு மாணவன் டி.ஜே. லாக்வேதான் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவன். மூத்தவர் கிரஹாம் மெர்ட்ஸ் டென்னசி ஆட்டத்தில் முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். பையன் ஆடும் வரை நாம் முன்னிலை. இரண்டாம் கால் பகுதியில் தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார். கெட்ட செய்தி மெல்லக் கேட்டால் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்புறம் வந்தவன் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்த ஒருவன். அவனை வைத்துக்கொண்டும் நான்காம் கால் பகுதியில் 20-20 வரை இழுத்தார்கள். முடிவில் 34-20. தோல்விதான். ஆனால் அணி கோச்சைக் கைவிடவில்லை என்று எனக்குப் பட்டது. வீட்டுக்காரருக்குப் படவில்லை.

7 நவம்பர் 2024, வியாழன்

நேப்பியர் தொடர்வார் என்று விளையாட்டு இயக்குநர் ஸ்காட் ஸ்ட்ரிக்லின் அறிவித்துவிட்டார். பருவம் முடியக்கூட இல்லை. கணக்கு 4 வெற்றி, 4 தோல்வி.

ஊரே கொதிக்கிறது. எனக்கு இது சரியாகத்தான் தோன்றுகிறது. ஏன் என்று எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் நானே மாற்றிச் சொல்லக் கூடாது.

முதலில் பணம். இப்போது அனுப்பினால் சுமார் 26 மில்லியன் டாலர் கொடுத்து அனுப்ப வேண்டும். நம் கணக்கில் இருநூறு கோடி ரூபாய்க்கு மேல், வேலை செய்யாமல் இருப்பதற்கு! ஆராய்ச்சி மாணவனின் உதவித்தொகையை மாசக் கடைசியில் எண்ணுகிறவனுக்கு இதைப் படித்தால் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. அண்ணன்தான் அடக்கினார்: அது நம் ஃபீஸ் பணம் இல்லையாம். விளையாட்டுக்கென்று தனியாக ஒரு சங்கம், அதற்கு டிவி வருமானம், டிக்கெட், நன்கொடை.

இரண்டாவது, பல்கலைக்கழகத் தலைவர் பென் சாஸ் ஜூலையில் விலகிவிட்டார். இருப்பவர் தற்காலிகம். வீட்டில் பெரியவர் இல்லாதபோது மருமகனை மாற்றுவார்களா?

மூன்றாவது லாக்வே. கோச் போனால் பையனும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் டிசம்பர் முதல் வாரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். கோச் யார் என்று தெரியாமல் எவன் போடுவான்?

இத்தனை சொன்னபிறகும் ஒன்று உறுத்துகிறது. தாக்குதல் உத்தியை ஆட்டத்தின்போது நேப்பியரே சொல்கிறார் ('பிளே கால்' என்பார்கள்). அந்த வேலைக்கு வேறு ஆளை வை, நீ மொத்தத்தையும் பார் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறார்கள். அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆளை வைத்துக்கொள்வது ஒரு முடிவு. நிபந்தனை இல்லாமல் வைத்துக்கொள்வது வேறொரு முடிவு.

10 நவம்பர் 2024, ஞாயிறு

டெக்சஸ் 49, நாம் 17. லாக்வே ஆடவில்லை. இன்று அண்ணனுக்கு போன் போடவில்லை.

24 நவம்பர் 2024, ஞாயிறு

போன வாரம் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்), நேற்று தேசியத் தரவரிசையில் ஒன்பதாம் இடத்தில் இருந்த ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்). இரண்டையும் சொந்த மண்ணில் சாய்த்தார்கள்: 27-16, 24-17. லாக்வே திரும்பி வந்ததும் எல்லாம் வேறு மாதிரி. வீட்டுக்காரர் அட்டையில் விலையை 30ஆக இறக்கியிருந்தார். நேற்று மதியம் அதை அடித்துவிட்டு மறுபடி 40 என்று எழுதினார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

20 டிசம்பர் 2024, வெள்ளி

டாலஹாசிக்கே போய் ஃப்ளோரிடா ஸ்டேட்டை 31-11 என்று அடித்தோம். இன்று டாம்பாவில் டூலேனை 33-8. கடைசி நான்கும் வெற்றி. மொத்தம் 8க்கு 5. நேப்பியர் காலத்தில் வெற்றி அதிகமாக வந்த முதல் பருவம் இதுதான்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அண்ணனிடம் சொல்லிக் காட்டினேன். "அடுத்த வருஷமும் பிளே கால் அவரேதானா, அதச் சொல்லு" என்றார். எரிச்சலாக இருந்தது.

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

அவரேதான்.

பருவம் தொடங்கும்போது தரவரிசையில் 15ஆம் இடத்தில் இருந்த நம் அணி, நேற்று சவுத் ஃப்ளோரிடாவிடம் 18-16 என்று தோற்றது. அதுவும் இங்கே. கடைசிக் கட்டத்தில் நம் தடுப்பாட்டக்காரன் ஒருவன் எதிராளி மேல் துப்பினான். பதினைந்து கெஜம் தண்டனை, ஆளும் வெளியே. கடைசி வினாடியில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அவர்கள் ஜெயித்தார்கள். பெனால்ட்டி மட்டும் 11.

இரண்டு 3ஆம் எண்கள் கண்முன் வந்து நின்றன. அது 2023. இது நான்காம் ஆண்டு.

21 செப்டம்பர் 2025, ஞாயிறு

எல்.எஸ்.யூ.விடம் 20-10. அன்றைக்கு லாக்வே எறிந்ததில் ஐந்தை எதிரணி பிடித்தது. நேற்று மயாமியிடம் 26-7. பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது வரை 13 தடவை போனோம், ஒன்றுகூடத் தேறவில்லை. யாருக்காகக் கோச்சை வைத்துக்கொண்டோமோ அந்தப் பையனே இப்போது தொலைந்துபோன மாதிரி நிற்கிறான்.

வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து ரான் சூக் கதையைச் சொன்னார். ஸ்பரியர் போனபின் 2002இல் வந்தவர். வந்த உடனேயே அவரை நீக்கச் சொல்லி ஒரு இணையதளமே தொடங்கிவிட்டார்களாம். 2004 அக்டோபரில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் தோற்றார், இரண்டு நாளில் சீட்டைக் கிழித்தார்கள். ஆனால் அவர் சேர்த்த பையன்களை வைத்துத்தான் அர்பன் மேயர் 2006இல் பட்டம் வென்றார். எங்கள் ஊரில் சொல்வார்களே, தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று. அதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். பாதிதான் புரிந்தது என்று நினைக்கிறேன். 'பனை எத்தனை வருஷம் எடுக்கும்?' என்று கேட்டார்.

5 அக்டோபர் 2025, ஞாயிறு

நேற்று டெக்சஸை 29-21 என்று ஜெயித்தார்கள். டெக்சஸை! கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இந்த அணி முழுதாக நம்பவும் விடாது, முழுதாக வெறுக்கவும் விடாது.

19 அக்டோபர் 2025, ஞாயிறு

நேற்று மிசிசிப்பி ஸ்டேட். 23-21 என்று முன்னிலை, எதிரணி ஃபீல்டு கோலுக்கு, அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் தூரத்துக்கு, நெருங்கிவிட்டது. முந்நூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள நம் தடுப்பாட்டக்காரன் கை நீட்டினான், பந்து கையில் ஒட்டிக்கொண்டது. வெற்றி. ஆனாலும் கோச்சை நீக்கச் சொல்லிக் கூட்டம் கோஷம் போட்டது. ஜெயித்த ஆட்டத்தில் சொந்தக் கோச்சைப் பார்த்து ஊளையிடுவதை நான் முதல் தடவையாகக் கேட்கிறேன். காது கூசியது.

இன்று நீக்கிவிட்டார்கள். நான்கு பருவம், 22 வெற்றி, 23 தோல்வி. சூக்கை அனுப்பியது மிசிசிப்பி ஸ்டேட்டிடம் தோற்றதற்கு, இவரை அனுப்பியது அதே அணியை ஜெயித்த மறுநாள்.

கொடுக்க வேண்டியது சுமார் 21 மில்லியன் டாலர், பாதி முப்பது நாளுக்குள். இந்த ஜூலை முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டு உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன். ஒரு மனிதரைப் போகச் சொல்வதற்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

போன நவம்பரில் எழுதியதை எடுத்துப் படித்தேன். காரணங்கள் தப்பில்லை. அந்தக் கடைசிப் பத்தியை முதலில் எழுதியிருக்க வேண்டும். பிளே கால் பொறுப்பைக் கொடு, இல்லையென்றால் கிளம்பு என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் 26 மில்லியனுக்கும் ஒரு பொருள் இருந்திருக்கும். ஓராண்டு காத்ததில் மிச்சமானது ஐந்து மில்லியன், அதற்கு விலை லாக்வேயின் ஒரு பருவம்.

அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். "சரி விடு, டீ போடு" என்றார்.

30 நவம்பர் 2025, ஞாயிறு

ஊர் முழுக்க ஓல் மிஸ் கோச் லேன் கிஃபினுக்காகக் கண்வைத்திருந்தது. அவர் எல்.எஸ்.யூ.வுக்குப் போய்விட்டார். நமக்கு வருபவர் ஜான் சம்ரால்.

பெயரைக் கேட்டதும் எங்கேயோ பார்த்த ஞாபகம். போன டிசம்பர் பக்கத்தைப் புரட்டினேன். டாம்பாவில் 33-8 என்று தோற்றதே டூலேன், அதன் கோச்.

வீட்டுக்காரருக்கும் சொன்னேன். சிரிக்கவில்லை. கராஜுக்குள் போய்ப் பழைய அட்டையைத் தேடினார். மழையில் நனைந்து 40 கரைந்திருந்தது. புது அட்டை வாங்கி வரச் சொன்னார். விலை என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.