டீச்சர் பாட்டியின் டிரங்குப் பெட்டி

பதினாறாம் நாள் காரியத்துக்குள் நினைவு மலர் வந்துவிட வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் அடித்துப்பிடித்து எழுதுவதில் முக்கால்வாசி ஒன்றுபோலத்தான் இருக்கும். ‘கண்டிப்பானவர், கனிவானவர்’ என்று தொடங்கும். பெயரை மாற்றினால் எந்த வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தும். ஆசிரியையாக இருந்த பாட்டிக்கு அப்படி எழுத வேண்டிய அவசியமே இல்லை. வேலைக் காலம் முழுக்கத் தேதி போட்டுக் கையெழுத்திட்டு வாழ்ந்தவர் அவர். பாதி வாழ்க்கை டிரங்குப் பெட்டியில் தாளாகவே கிடக்கும்.

முதலில் மாறுதல் உத்தரவுகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த தேதிகளையும் எழுதிப் பாருங்கள். கைக்குழந்தையோடு எந்த ஊருக்கு பஸ் ஏறினார் என்பது அப்போதுதான் தெரியும். எஸ்.ஆர். என்ற பணிப்பதிவேட்டின் அசல் அலுவலகத்தில்தான் இருக்கும். அதற்காகப் பெட்டியைக் கிளற வேண்டாம்.

தேதிகளில் சறுக்குவது இரண்டு இடங்களில். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனது 1981-ல்தான். 1965-ல் ஒன்றியப் பள்ளியில் சேர்ந்தவரை ‘அரசுப் பணியில் சேர்ந்தார்’ என்று எழுதினால், கூட வேலை பார்த்த டீச்சர் யாராவது உடனே திருத்துவார். இன்னொன்று ஓய்வு. அப்போது 58 வயது. கல்வியாண்டின் நடுவில் 58 முடிந்தவர்கள் மறுநியமனத்தில் மே வரை பாடம் எடுத்திருப்பார்கள். ஓய்வூதியப் புத்தகத்தில் உள்ள நாளும் கடைசியாக வகுப்பில் நின்ற நாளும் வேறு வேறாக இருக்கலாம்.

பெட்டியில் பாடக்குறிப்பு நோட்டு ஒன்று அகப்பட்டால் அதிர்ஷ்டம்தான். பெரும்பாலும் எடைக்குப் போயிருக்கும். ‘துணைக்கருவிகள்’ என்ற கட்டத்தைப் படியுங்கள்: ‘புளியங்கொட்டை, பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சி’. ஒன்றாம் வகுப்புக்கு ஒன்றும் பத்தும் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. மலரில் அந்தப் பக்கத்தை அப்படியே படமாகப் போடுங்கள். ஓரத்தில் தலைமையாசிரியர் சிவப்பு மையில் போட்ட கையெழுத்தை வெட்டிவிடாதீர்கள். ‘டி.ஐ. வருகை’ என்று எங்காவது இருந்தால் அது துணை ஆய்வாளர் பள்ளியைப் பார்வையிட வந்த நாள், ‘சி.எல்.’ என்பது தற்செயல் விடுப்பு.

டைரியைத் தட்டச்சு செய்யும் பிள்ளைகள் தடுமாறுவது பழைய எழுத்தில். 1978-ல் அரசாணையால் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் லை, ளை, னை, ணை நான்கிலும் ஐகாரக் குறி தனியாக நிற்காது. துதிக்கை மாதிரி சுழித்து எழுத்தோடு ஒட்டியிருக்கும். றா, ணா, னாவில் கால் கிடையாது. எழுத்தின் அடியே வளைவு இறங்கும். கரும்பலகையில் புதிய எழுத்தைக் கற்பித்துக்கொண்டே மளிகைச் சிட்டையில் பழையதை விடாமல் எழுதியவர்கள் உண்டு. அதனால் துதிக்கையைப் பார்த்ததும் 1978-க்கு முந்தையது என்று தேதி குறித்துவிடாதீர்கள். அவருடைய சொற்களைத் திருத்தவும் வேண்டாம். ‘மத்தியானச் சோறு’ என்று எழுதியிருந்தால் அது ‘மதிய உணவு’ ஆகக் கூடாது.

படங்களுக்கு 600 டிபிஐ ஸ்கேன் போதும். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் பெயர்த்தால் மூலை மடியும். முதலில் பக்கத்தோடு ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுங்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போனதை இழுக்கவே கூடாது, முகத்தின் மேல்படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே ஸ்கேன் செய்யலாம். சான்றிதழ்களை லேமினேஷன் செய்யாதீர்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது.

அச்சகத்துக்குப் போகும்முன் பக்கங்களை எண்ணுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் நான்கின் மடங்காகத்தான் வரும். 18 பக்கம் கொடுத்தால் மீதி இரண்டில் அச்சகக்காரர் குத்துவிளக்கும் ரோஜாவும் போட்டு நிரப்பிவிடுவார்!

வகுப்புப் படத்தை வேண்டுமானால் அந்த இரண்டு பக்கத்திலும் விரித்துப் போடலாம். பெயர்களை இடமிருந்து வலமாக, படத்தின் பின்னால் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும். பிள்ளைகளின் பெயரைச் சொல்லப் பழைய மாணவர்கள் கிடைப்பார்கள். ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் பாதி மறைந்து நிற்கும் ஆயாவின் பெயரை முதலில் கேளுங்கள்.