உனெலும் எட்டிகெசெலும்: இரண்டு காட்டு வாழைகளைப் பிரித்தறிந்த அனுபவம்

கண்டிக்கு அண்மையில் உள்ள எங்கள் வளவின் கீழ்ச்சரிவில், ஓடையின் இரு கரைகளிலும், எவரும் நடாத கொட்டை வாழைகள் இரண்டு குத்துகளாக நிற்கின்றன. சிங்கள அயலவர்கள் ஒன்றை உனெல் என்றும் மற்றதை எட்டிகெசெல் என்றும் சொல்வார்கள். ஆனால் எது எதுவென்று கேட்டால் ஆளுக்கொரு மறுமொழி கிடைத்தது. உனெல் என்பது மூசா அக்குமினாட்டா, எட்டிகெசெல் என்பது மூசா பல்பிசியானா என்பதும், நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழிவந்தவை என்பதும் தெரிந்த பிறகு, வளவில் நிற்பவற்றை நானே உறுதிப்படுத்த வேண்டும் என்ற ஆவல் பற்றிக்கொண்டது.

2022 மார்ச்சில் முதன்முறையாகப் பார்த்தபோது தண்டின் நிறத்தை மட்டுமே நம்பினேன். அக்குமினாட்டாவின் தண்டில் கரும்பழுப்புத் திட்டுகள் நிறைந்திருக்கும், பல்பிசியானாவில் அவை இரா அல்லது மிகக் குறைவாக இருக்கும் என்று படித்திருந்தேன். இரு குத்துகளிலும் திட்டு தென்படாததால் இரண்டையும் பல்பிசியானா என்றே குறித்து வைத்தேன். அது பிழை. மேற்குக் கரையில் நின்றதன் காய்ந்த சருகுகளை ஒரு நாள் உரித்தபோது, அவற்றின் அடியில் இருந்த பசுமையான பட்டை முழுவதும் திட்டுகள் தெரிந்தன. அன்றிலிருந்து ஒற்றை அடையாளத்தைக் கொண்டு முடிவுசெய்வதைக் கைவிட்டேன்.

அதன் பிறகு சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் 1955இல் வெளியிட்ட புள்ளி முறையைப் பின்பற்றத் தொடங்கினேன். பதினைந்து அடையாளங்கள் ஒவ்வொன்றும் அக்குமினாட்டாவை ஒத்திருந்தால் 1, பல்பிசியானாவை ஒத்திருந்தால் 5, இடைப்பட்டிருந்தால் அதற்கேற்ற எண் என்று இட்டுக் கூட்டினால், மொத்தம் 15க்கும் 75க்கும் இடையில் வரும். இவற்றுள் பூவுக்குக் காத்திராமல் பார்க்கக்கூடியவை தண்டின் நிறமும் இலைக்காம்பும்தான். காம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். மேற்குக் கரையில் உள்ளதில் மேற்பள்ளத்தின் விளிம்புகள் விரிந்து திறந்திருந்தன, கிழக்குக் கரையில் உள்ளதில் அவை உட்புறம் மடிந்து ஏறக்குறைய மூடிக்கொண்டிருந்தன.

2023 ஜூனில் இரண்டும் அடுத்தடுத்துப் பொத்தி தள்ளின. உண்மையான வேறுபாடு பொத்தியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இவ்விரு இனங்களின் பூக்களையும் நாடி இரவில் வௌவால்கள் வருவதால், மடல்கள் மாலை மங்கும் வேளையில் எழத் தொடங்குகின்றன. ஆகவே விடியற்காலையில் சென்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மேற்குக் கரையின் பொத்தியில் எழுந்த மடல் பாயைச் சுருட்டியதுபோல் பின்னோக்கிச் சுருண்டிருந்தது. அதன் உட்புற நிறம் அடிப்பகுதியை நெருங்க நெருங்க மஞ்சளாக வெளிறியது. கிழக்குக் கரையின் மடலோ சுருளாமல் தாழ்வாரம்போல் உயர்ந்து நின்று அப்படியே உதிர்ந்தது. அதன் வெளிப்புறம் பழுப்பு கலந்த ஊதாவாக இருந்தாலும், உட்புறம் அடிவரை ஒரே சீரான செஞ்சிவப்பு. அந்தச் சிவப்பை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

மடலின் வடிவத்தைக் கண்மதிப்பாகச் சொல்லாமல் அளந்தும் பார்க்கலாம். அடியிலிருந்து மிக அகலமான இடம் வரையுள்ள தூரத்தை மடலின் முழு நீளத்தால் வகுக்க வேண்டும், ஈவு 0.28க்குக் குறைந்தால் அக்குமினாட்டா, 0.30க்கு மிகுந்தால் பல்பிசியானா. மேற்கில் 20 சென்ரிமீற்றர் நீள மடலின் அகன்ற இடம் 5 சென்ரிமீற்றரில் இருந்ததால் 0.25 கிடைத்தது, கிழக்கில் 18 சென்ரிமீற்றருக்கு 6 இருந்ததால் 0.33 கிடைத்தது. இளங்காயைக் குறுக்கே வெட்டியபோது, முதலாவதின் ஒவ்வோர் அறையிலும் சூல்வித்துகள் இரண்டு ஒழுங்கான வரிசைகளாகவும், இரண்டாவதில் நான்கு ஒழுங்கற்ற வரிசைகளாகவும் இருந்தன. காயின் பிசின் கையிலும் உடையிலும் பட்டால் போகாது என்பதால் கத்திக்கும் விரலுக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது நல்லது.

மேற்குக் கரைக்கு மொத்தம் 18 வந்தது. தண்டின் நிறம், குலைக்காம்பின் மயிர், மடலின் நிறம் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2 இட்டிருந்தேன். கிழக்குக் கரைக்கு 72. கை பழகுவதற்காக வீட்டு மொந்தனையும் கணித்தேன், 61 வந்தது. ஒரு பங்கு அக்குமினாட்டாவும் இரு பங்கு பல்பிசியானாவும் கலந்தவற்றுக்குச் சொல்லப்படும் 59 முதல் 63 வரையான எல்லைக்குள் அது அமைந்தது எனக்குப் பெரும் நம்பிக்கையைத் தந்தது.

அந்த உனெல் குலை பழுத்த பின் அதிலிருந்து நாற்பது விதைகளை ஊன்றினேன். மூன்று மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு முளைத்தன. அவற்றுள் ஒரு கன்றின் இலைக்காம்பு தாயைப்போல் விரிந்திராமல் ஓரளவு உட்புறம் மடிந்திருக்கிறது. இரு இனங்களுக்கும் நிறமூர்த்தங்கள் 22 என்பதாலும், ஓடையைக் கடந்து வௌவால்கள் இரு பொத்திகளுக்கும் சென்றுவருவதாலும், அது கலப்பாக இருக்கக்கூடும் என்று ஐயுறுகிறேன். ஆயினும் பதினைந்தில் இரண்டை மட்டும் வைத்து அதற்குப் பெயரிட நான் விரும்பவில்லை. அதன் பொத்தி வெளிவரும்வரை ஏட்டில் “மூன்றாவது” என்றே எழுதி வருகிறேன். அடுத்த உனெல் குலையில், பெண்பூக்கள் விரிவதற்கு முன்பே பொத்தியைத் துணிப்பையால் கட்டி, அதே குத்தின் மற்றொரு குலையிலிருந்து எடுத்த மகரந்தத்தைத் தூரிகையால் தடவ இருக்கிறேன். அந்த விதைகளில் முளைக்கும் கன்றுகளின் காம்புகளைத்தான் இந்த மூன்றாவதோடு ஒப்பிட வேண்டும்.