வேலியும் கூடும்

இயற்கையைக் காக்க வேண்டுமானால் மனிதர்களை வேலிக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்றுதான் நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தது இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம்.

1932 ஏப்ரல் 24 அன்று, சுற்றியிருந்த ஆலை நகரங்களிலிருந்து வந்த இளந்தொழிலாளர்கள் சில நூறு பேர், செல்வந்தர்களின் பறவை வேட்டைக்காகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த அந்த மேட்டின்மீது தடையை மீறி ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு மூண்டது, ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1949இல் இயற்றப்பட்ட சட்டம் தேசியப் பூங்காக்களுக்கும் நடைவழிகளுக்கும் மட்டுமன்றி, இயற்கைக் காப்பிடங்களுக்கும் வழிவகுத்தது. நடக்கும் உரிமையும் காக்கும் கடமையும் ஒரே வயிற்றில் பிறந்தவை. பங்காளிச் சண்டையை மூட்டிவிட்டது நாம்தான்.

பூட்டு அந்த நிலத்தைக் காப்பாற்றவும் இல்லை. ஆலைப் புகையின் அமிலம், மிகை மேய்ச்சல், தீ ஆகியவற்றால் ஈரம் காக்கும் பாசி அழிந்து, அதனடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செடிகள் அரைகுறையாக மட்கிச் சேர்ந்திருந்த கரிமண் வெளிப்பட்டு அரித்துப் போனது. அமில மழைக்கு வேலி ஒரு பொருட்டா?

அதற்காகக் கால்கள் குற்றமற்றவை என்று சொல்லிவிட முடியாது. சேற்றைக் கண்டதும் ஒருவர் ஓரமாக ஒதுங்குவார், அடுத்தவர் அவருக்கும் அப்பால் ஒதுங்குவார், ஒற்றையடிப் பாதை அகன்று அகன்று பெரும் புண்ணாகிவிடும். அதே மலைப்பகுதியில் 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் நெடுநடைப் பாதையில் இதுவே நேர்ந்தது. இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து அங்கே பதித்தார்கள். நடப்பவர்கள் கல்லை விட்டு இறங்கத் தேவையின்றிப் போனதால், ஓரங்களில் செடிகொடிகள் மீளத் தொடங்கின. தாத்தா நின்று உழைத்த கல்லின்மேல் பேரன் உலவுகிறான் என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

சுவீடனில் எவரும் பிறர் நிலத்தில் நடக்கலாம், தங்கலாம். தொந்தரவும் நாசமும் கூடாது என்பதே நிபந்தனை. இங்கிலாந்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நுணுக்கமானது: அது பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்ட நிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும். அது ஆள்காட்டி போன்ற பறவைகள் தரையில் முட்டையிடும் காலம். நாய் நெருங்கினால் தாய் எழுந்து பறக்கும், முட்டை குளிரும், மேலிருந்து காக்கை பார்த்துவிடும். அந்த ஐந்து மாதங்களிலும் வாயில் திறந்தே இருக்கிறது. குறுகுவது கயிறு மட்டும்தான்.