முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அம்மாவைத் தயார் செய்தது

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்றதும் சொந்தபந்தங்கள் கேட்டதெல்லாம் இரண்டே கேள்விதான்: எந்த டாக்டர், எவ்வளவு செலவு. அம்மாவுக்கு வயது 71. சர்க்கரை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன்பு இதய ரத்தக் குழாய் அடைபடாமலிருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் தினமும் மாத்திரை. இப்படி ஒருவருக்கு எலும்பு டாக்டரின் கைராசி பாதிதான் உதவும். மீதிப் பாதி, கத்தி படுகிற நாளில் சர்க்கரையும் இதயமும் சிறுநீரகமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதில் இருக்கிறது. அந்தப் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதில் வரும் மருந்தும் நாள் கணக்கும் அம்மாவுக்குச் சொன்னவை. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அவரவர் டாக்டரிடம் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

முதலில் காட்டிய மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்த கையோடு, அடுத்த வாரமே இரண்டு காலையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்றார்கள். ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 9.4 என்று வந்திருந்தது. அதைக் கேட்டதற்கு, "அட்மிஷன் போட்ட பிறகு இன்சுலின் கொடுத்துக் குறைத்துவிடுவோம்" என்று பதில் வந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. எச்பிஏ1சி என்பது கடந்த மூன்று மாதத்தின் சர்க்கரைச் சராசரி. இன்சுலின் போட்டால் இன்றைய சர்க்கரை இறங்கும், மூன்று மாதமாக இருந்த நிலை ஒரே இரவில் மாறிவிடாது. சர்க்கரை கட்டுப்படாத உடம்பில் புண் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றுக்கும் வாய்ப்பு அதிகம். சாதாரணப் புண்ணில் சீழ் பிடித்தால் மருந்து போட்டு ஆற்றிவிடலாம். உள்ளே வைத்த செயற்கை மூட்டில் கிருமி ஏறிவிட்டால் சில சமயம் மூட்டையே கழற்றி எடுத்து, தொற்று ஆறும்வரை காத்திருந்து, மறுபடியும் வேறொன்று வைக்க வேண்டியிருக்கும். எழுபது வயதில் அந்தப் பாட்டை யார் படுவது? அம்மாவை மதுரையில் வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே எலும்பு டாக்டர் தேதியே சொல்லவில்லை. "ஒரு கால் மட்டும் செய்வோம். அதற்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், தேதியை அவர் சொல்லட்டும்" என்றார். அறுவை சிகிச்சை என்றாலே கத்தி பிடிப்பவர் பெயரைத்தான் விசாரிக்கிறோம். மேசையில் படுத்திருக்கும் நேரம் முழுக்க மூச்சையும் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கையில் வைத்திருப்பவர் மயக்க மருந்து டாக்டர்தான். அவரை முன்கூட்டியே, அவசரமில்லாத ஒரு நாளில் பார்த்துப் பேசியதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தப் பெண் டாக்டர் முதலில் கேட்டது மாத்திரைப் பையை. மொத்தத்தையும் மேசையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பின்பக்கம் வெள்ளித்தாளில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் மருந்தின் பெயரை செல்போன் வெளிச்சத்தில் படித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். பாதி அட்டைகளில் பெயர் இருந்த மூலை ஏற்கெனவே கிழிந்து போயிருந்தது. அவற்றுக்குப் பழைய சீட்டுகளைப் பார்த்தார். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்துகள் இருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சர்க்கரை மாத்திரையில் மெட்பார்மினோடு டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்திருந்தது. இதய கேப்சூலில் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல்லும் இருந்தன.

இது ஏன் முக்கியம் என்று பொறுமையாக விளக்கினார். டாபாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து. சாப்பிடாமல் இருக்கும்போது அது உடம்பில் இருந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறிவிடலாம். சர்க்கரை அளவு கிட்டத்தட்டச் சாதாரணமாகவே காட்டும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. எனவே அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். குளோபிடோகிரெல் ரத்தம் உறைவதைத் தடுப்பது. அது உடம்பில் இருக்கும்போது முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டால், ஊசி போன இடத்தில் ரத்தம் கசிந்து தேங்கி தண்டுவடத்தையே அழுத்திவிடலாம். அதையும் நிறுத்த வேண்டும். ஆனால் ஸ்டென்ட் இருப்பதால் ஆஸ்பிரினை விடக் கூடாது. இரண்டும் ஒரே கேப்சூலில் இருந்தால் ஒன்றை மட்டும் எப்படி நிறுத்துவது? இதய டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். அவர் அறுவைக்கு ஐந்து நாள் முன்பு கேப்சூலை நிறுத்திவிட்டு, தனி ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்.

பையில் இல்லாதவற்றையும் மயக்க மருந்து டாக்டர் கேட்டார். முட்டி வலிக்கு அம்மா நாட்டு மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்ட சூரணம், பக்கத்து மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை எல்லாம் வெளியே வந்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4 இருப்பதைக் காட்டி, இரண்டையும் அன்றோடு விடச் சொன்னார். தூங்கும்போது குறட்டை உண்டா என்றதற்கு அம்மா "அதெல்லாம் இல்லை" என்றார். அப்பா "அடுத்த அறை வரைக்கும் கேட்கும்" என்றார். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு, தூக்கம் வரவழைக்கும் வலி மருந்துகளைக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டுமாம். அதுவும் தாளில் ஏறியது.

மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். முட்டி வலியால் இரண்டு வருடமாக அம்மா படியே ஏறவில்லை. நடக்காதவருக்கு நெஞ்சுவலியும் வராது, மூச்சும் வாங்காது. இதயத்தில் குறை இருந்தாலும் அது வெளியே தெரிய வழியில்லை. வெறும் ஈசிஜியோடு விடாமல், மருந்து செலுத்தி இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்துப் பார்க்கும் எக்கோவும் எடுக்கச் சொன்னார். நல்ல வேளையாக அதில் குறை ஒன்றும் இல்லை.

ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. முழங்கால் மாற்றத்தில் ரத்தம் போகும், குறைவாக இருப்பவருக்கு ரத்தம் ஏற்றவேண்டி வரும். இரும்புச் சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். பி12 குறைவாக இருந்தது, அதற்கும் ஊசி. மெட்பார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம் என்றார்கள். சொத்தைப்பல் ஒன்றைப் பிடுங்கினோம். வாயிலோ சிறுநீரிலோ தொற்று இருந்தால் அது ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் தங்கிவிடுமாம். இரவு நேர இன்சுலின் ஆரம்பித்தார்கள். சர்க்கரைதான் நேரம் எடுத்தது. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 7.6, ஹீமோகுளோபின் 12. "இப்போது தேதி குறிக்கலாம்" என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னபோது, வலியோடு காத்திருந்த அம்மாவுக்கே அந்தக் காத்திருப்பின் நியாயம் புரிந்திருந்தது.

அறுவைக்கு முந்தைய நாள் மூக்குத்தி ஒரு பிரச்சினையாகிவிட்டது. ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் பொசுங்கக்கூடும் என்பதால் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். மெட்டி சோப்பு நுரையில் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட மூக்குத்தியின் திருகு இறுகிப்போய், நகைக்கடைப் பத்தர் வந்துதான் கழற்றினார். ஊரிலேயே செய்துவிட்டு வர வேண்டிய வேலை இது.

அறுவையன்று காலை தைராய்டு மாத்திரையும் இதயத்துடிப்புக்கான மெட்டோபிரோலாலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்கச் சொன்னார்கள். மெட்டோபிரோலாலைத் திடீரென்று விட்டால் இதயம் படபடக்கும். ரத்த அழுத்த மாத்திரையான டெல்மிசார்டானை முந்தைய நாளோடு நிறுத்தினார்கள், முதுகு ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் தானாகவே இறங்கும் என்பதால். அம்மா காபி கேட்டுக்கொண்டே இருந்தார். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம், பால் சேர்த்த காபி உணவுக் கணக்கில் வரும், ஆறு மணி நேரம் ஆகவேண்டும். சர்க்கரைக்காரர் என்பதால் அன்றைய பட்டியலில் முதல் ஆளாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெயர் என்ன, எந்தக் கால், என்ன ஆபரேஷன் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். வலது முட்டியில் ஏற்கெனவே மையால் அம்புக்குறி போட்டிருந்தது. "எழுதித்தானே வைத்திருக்கிறீர்கள், எத்தனை முறை கேட்பீர்கள்?" என்று அம்மா சலித்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இது. மயக்கம் கொடுப்பதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், தியேட்டரை விட்டு வெளியே வருவதற்கு முன் என மூன்று கட்டங்களில் எல்லோரும் நிறுத்திக் கேட்க வேண்டும். கேட்காத மருத்துவமனையைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

அறுவை நன்றாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றுத் தோலில் ஊசி, கெண்டைக்காலை அழுத்தி அழுத்தி விடும் காற்றுறை, மூன்று பந்து ஏறும் கருவியில் மூச்சிழுக்கும் பயிற்சி. எல்லாம் சீராகப் போனது.

இரண்டாம் நாள் இரவில் அம்மா மாறிப்போனார். பத்து வருடத்துக்கு முன் இறந்த பெரியம்மா ஜன்னலோரம் நிற்பதாகச் சொன்னார். "மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், என்னை விடு" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். கையில் போட்டிருந்த ஊசியைப் பிடித்து இழுத்தார். என்னைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பெண்?" என்று கேட்டார். உதவிக்கு வந்த சித்தி, காற்றுக் கருப்பு ஏதோ பட்டுவிட்டது, திருநீறு வாங்கி வரலாம் என்று அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் வயதானால் இப்படித்தான், தூங்க ஊசி போடச் சொல்லுங்கள் என்றார்கள்.

நான் டியூட்டி டாக்டரை எழுப்பினேன். வயதானவர்களுக்கு அறுவைக்குப் பிறகு இப்படிப் புத்தி தடுமாறுவது அடிக்கடி நடக்கக்கூடியது, ஆனால் "வயதுதான்" என்று விடக் கூடாது, காரணத்தைத் தேட வேண்டும் என்று மயக்க மருந்து டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, ரத்தத்தில் உப்பு, சிறுநீர், வயிறு, வலி மருந்து என்று அந்தத் தாளிலேயே எழுதியும் கொடுத்திருந்தார். தாளைக் காட்டினேன். அந்த இளம் டாக்டர் அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், 126. சாதாரணமாக 135க்கு மேல் இருக்க வேண்டியது. டிரமடால் என்ற வலி மருந்தும் போய்க்கொண்டிருந்தது, அதுவும் குழப்பத்தைக் கூட்டக்கூடியதாம். அதை நிறுத்தி பாரசிட்டமால் மட்டும் கொடுத்தார்கள். சோடியத்தை ஒரேயடியாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்பதால் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பங்குக்குச் செய்யச் சொன்னவை எளிமையானவை. பெட்டியில் வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுவிட்டோம். பகலில் திரையைத் திறந்து வைத்தோம். இன்று என்ன கிழமை, எந்த ஊர், எதற்காக வந்திருக்கிறோம் என்று சண்டை போடாமல் திரும்பத் திரும்பச் சொன்னோம். இரவில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். சோடியம் ஏற ஏற அம்மா திரும்பி வந்தார். தெளிந்ததும் முதலில் கேட்டது காபிதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிய கையோடு கிளம்பிவிடாதீர்கள். எங்களுக்குக் கொடுத்ததில் புதிய மருந்துகள் எல்லாம் வரிசையாக இருந்தன. நிறுத்திய மருந்துகளை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று ஒரு வரியும் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோகிரெல் இல்லாமலேயே மாதக்கணக்கில் இருந்துவிட்டால் என்ன ஆவது? கேட்டு, தேதி போட்டு எழுதி வாங்கினேன். டாபாகிளிஃப்ளோசினை, அம்மா வழக்கம்போல உணவு சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்றார்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ, ராத்திரியானாலும் கிளம்பி வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபின் பார்க்க வந்தவர்களைச் சமாளிப்பதுதான் பாடாக இருந்தது. ஹார்லிக்ஸும் திராட்சையுமாக வந்து அன்போடு ஊட்டிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் சர்க்கரை 280. கத்தரிக்காய் ஆகாது, முட்டை ஆகாது, தையலில் சீழ் வைக்கும் என்று ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டையும் பயறும் மீனும் தவறாமல் கொடுத்தேன். கட்டின் மேல் மஞ்சளும் எண்ணெயும் வைக்க வந்த கையை மரியாதையாகத் தடுத்தேன்.

இப்போது அம்மா கோவில்பட்டிச் சந்தைக்குத் தானே நடந்து போய்வருகிறார், இடது காலையும் செய்துவிடலாம் என்கிறார். பழைய தாளை எடுத்து மூன்று வரிகள் சேர்த்திருக்கிறேன்: சென்ற முறை இரண்டாம் நாள் சோடியம் 126க்கு இறங்கியது. டிரமடால் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடி தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். அடுத்த எச்பிஏ1சி வந்ததும் மயக்க மருந்து டாக்டரிடம் நேரம் கேட்கப்போகிறேன்.