ஏற்காட்டுத் திரையை அஸ்தம்பட்டியில் திறப்பது

என் மாமாவின் காபித் தோட்ட அலுவலகம் ஏற்காட்டில் இருக்கிறது. நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டரும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளன. பிரிண்டர் வரிசையில் சிக்கிக்கொண்ட ஒரே ஒரு பில்லை நீக்குவதற்காக ஒரு மார்கழிக் காலையில் பனிமூட்டத்துக்குள் வண்டியோட்டிச் சென்று, இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்து, அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இறங்கும்போது, இனி அந்தக் கணினியை இங்கிருந்தே பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வதென்று முடிவெடுத்தேன். அது டெபியன் லினக்ஸ் இயங்குதளமும் எக்ஸ்எஃப்சிஇ என்ற பணிச்சூழலும் (சன்னல்களும் பட்டியல்களும் கொண்ட திரையமைப்பு) உள்ள கணினி. அதில் எக்ஸ்11விஎன்சி என்ற திரைப் பகிர்வு சர்வரை நிறுவினேன். நிறுவுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன் விருப்பத்தேர்வுகளைச் சரியாக அமைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

விஎன்சி (ஒரு கணினியின் திரையை இன்னொன்றிலிருந்து பார்த்து இயக்கும் முறை) வகைச் சர்வர்களில் பல, பயனருக்கென்று புதிதாக ஒரு கற்பனைத் திரையை உருவாக்கித் தருபவை. எனக்குத் தேவைப்பட்டது அதுவல்ல. மாமா எந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ அதே திரை. எக்ஸ்11விஎன்சி அதைத்தான் செய்கிறது. 'டிஸ்ப்ளே' தேர்வுக்குச் சுழியத்தையும் 'ஆத்' தேர்வுக்கு 'கெஸ்' என்பதையும் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் திரைக்கான அனுமதிச் சாவிக் கோப்பைத் தானே தேடிக்கொள்ளும். ஆனால் இது லினக்ஸில் திரையை வரையும் பழைய அமைப்பான எக்ஸ் சர்வருக்காக எழுதப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த வேலண்ட் அமர்வில் இதைக்கொண்டு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சொல்லைப் பதினாறு எழுத்துகளில் கவனமாக அமைத்து, அதுவே போதும் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் அவசரத்தில் அதன் பின்பகுதியைத் தவறாகத் தட்டியபோதும் கதவு திறந்தது. விஎன்சியின் பழைய சரிபார்ப்பு முறை, சர்வர் அனுப்பும் 16 பைட் புதிரை டிஇஎஸ் என்ற பழைய மறையாக்க முறையில் பூட்டித் திருப்பி அனுப்பச் சொல்கிறது. அந்தப் பூட்டுக்குச் சாவியாகக் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள் மட்டுமே பயன்படுகின்றன. மீதி எட்டு எழுத்துகளும் வெறும் அலங்காரம். அதோடு, 'ஸ்டோர்பாஸ்வேர்ட்' மூலம் சேமிக்கப்படும் கோப்பு எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிலையான சாவியால் மறைக்கப்படுவது என்பதால், அதைப் படிக்க முடிந்தவர் கடவுச்சொல்லையும் மீட்டுவிடலாம். கோப்பின் படிப்புரிமையைக் கணினியின் உரிமையாளருக்கு மட்டும் என்று வைப்பது கட்டாயம். உள்ளே நுழைந்த பிறகும் திரையின் படமும் விசைத் தட்டல்களும் மறையாக்கம் இல்லாமலேயே பயணம் செய்யும்.

ஆகவே கடவுச்சொல்லை நம்புவதை விட்டுவிட்டு 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற தேர்வைச் சேர்த்தேன். அதன்பின் சர்வர் தன் 5900 என்ற போர்ட்டை, அதாவது இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாசலை, அந்தக் கணினிக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டுமே திறக்கும். வெளியிலிருந்து வருவதற்கான வழி எஸ்எஸ்ஹெச் சுரங்கம், அதாவது இரு கணினிகளுக்கிடையே மறையாக்கம் செய்யப்பட்ட பாதை. மலையில் உள்ள இணைய இணைப்புக்குத் தனியான பொது முகவரி கிடையாது என்பதால், நான் மேலே போய்க் கதவைத் தட்ட முடியாது. மேலிருக்கும் கணினியே என் வீட்டுக் கணினிக்கு எஸ்எஸ்ஹெச் இணைப்பை ஏற்படுத்தி, தன் 5900-ஐ இங்கே 5901 ஆகக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. நான் என் வீட்டுக் கணினியின் 5901-ஐத் திறந்தால் ஏற்காடு தெரியும். கோடை இடிமழையில் மின்சாரம் போய் வந்தால் சுரங்கமும் சர்வரும் தாமாக எழுந்துகொள்ளும்படி இரண்டையும் சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் நிரல்) சேவைகளாக அமைத்திருக்கிறேன். 'ஃபாரெவர்' தேர்வையும் மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால், முதலில் வந்தவர் வெளியேறியதும் சர்வரும் கடையை மூடிவிடும்.

வேகத்தைப் பற்றிப் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஒரு சிறு கணக்கு போதும். 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் புள்ளி ஒன்றுக்கு 4 பைட் என்றால், முழுத்திரை ஏறத்தாழ 83 இலட்சம் பைட். விநாடிக்கு 2 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அதை அப்படியே அனுப்ப 33 விநாடி ஆகும். நடைமுறையில் அவ்வளவு ஆகாததற்குக் காரணம், மாறிய பகுதிகள் மட்டுமே சுருக்கி அனுப்பப்படுவதும், பார்ப்பவரின் மென்பொருள் கேட்டால்தான் சர்வர் அடுத்த படத்தை அனுப்பும் என்பதும்தான். எந்தச் சுருக்க முறை என்பதையும் பெரும்பாலும் பார்ப்பவர் பக்கமே முடிவு செய்கிறது. அங்கே டைட் என்ற சுருக்க முறையைத் தேர்ந்தேன். ஆனால் அது படங்களைச் சுருக்கப் பயன்படுத்தும் ஜேபெக்கின் தரத்தை மிகவும் குறைத்தபோது கூலிக் கணக்கில் 8 எது, 3 எது என்று தெரியாமல் போனது. பழம் பறிக்கும் பருவத்தில் அது விளையாட்டல்ல. தரத்தைத் திரும்ப உயர்த்திவிட்டேன். 'ஸ்கேல்' தேர்வால் திரையை மூன்றில் இரண்டாகச் சுருக்கிப் பார்த்ததிலும் எழுத்துகள் மங்கின. 'என்கேஷ்' என்பது பார்ப்பவர் பக்கத்தில் திரைக்குக் கீழே நீண்ட வால்போல, முன்பு வந்த படங்களைச் சேமிக்கும் ஒரு நினைவகப் பகுதியை வளர்க்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. சில நேரம் சன்னல்களை நகர்த்திய பிறகும் பழைய படமே தேங்கி நின்றது. திரையில் எது மாறியது என்று எக்ஸ் சர்வர் தரும் தகவலை நம்பாதிருக்கச் செய்யும் 'நோஎக்ஸ்டேமேஜ்' தேர்வைக் கொடுத்ததும் அந்தக் குறை நீங்கியது.

உண்மையில் வேகத்தைக் கூட்டியது பின்னணிப் படத்தை நீக்கும் 'சாலிட்' என்ற தேர்வுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவையெல்லாம் என் வசதிக்காகச் செய்தவை. மாமாவின் பக்கம் என்ன நடக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு மாலை அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, அதை அறியாமல் நான் உள்ளே நுழைந்து சுட்டியை நகர்த்த, பாதி எழுதிய தொகை வேறொரு கட்டத்தில் போய் விழுந்தது. "மாப்ளே, அம்பு தானா ஓடுது, பேய் கீய் புகுந்திருச்சா?" என்று போனில் கேட்டார். சிரிப்பாக இருந்தாலும், எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அடுத்தவர் அறைக்குள் கேட்காமல் நுழைந்ததற்குச் சமம்தானே அது. அன்றே 'அக்செப்ட் பாப்அப்' என்ற தேர்வைச் சேர்த்தேன். யாராவது இணைய முயன்றால் மாமாவின் திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றும். முழு அனுமதி, பார்க்க மட்டும் அனுமதி, மறுப்பு என மூன்று வழிகள் அதில் உண்டு. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுப்பாகவே கொள்ளும். இதில் ஒரு சிக்கல்: எல்லாம் சுரங்கம் வழியாக வருவதால், அழைப்பவரின் முகவரியாக எப்போதும் 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) என்றே அந்தப் பெட்டி காட்டும். வருவது யாரென்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எனவே முதலில் போன், பிறகு இணைப்பு என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம்.

இரண்டாவது புகார் நுட்பமானது. "நீ வந்துட்டுப் போனா பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடிச்சாலும் ஒரு எழுத்துத்தான் அழியுது" என்றார். விசைப்பலகையைக் குறைசொல்லிப் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லவும் இருந்தேன். நல்லவேளையாக முதலில் கையேட்டைப் படித்தேன். இணைப்பு இருக்கும்போது எக்ஸ்11விஎன்சி, விசை தானாகத் திரும்பத் தட்டப்படுவதை நிறுத்திவைக்கிறது. காரணம் நியாயமானதே: மெதுவான இணைப்பில் 'விரலை எடுத்தாயிற்று' என்ற செய்தி தாமதமாக வந்தால், ஒரு எழுத்து பத்தாகப் பெருகிவிடும். நான் சன்னலைச் சிறிதாக்கி வைத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்க மறந்த நாள்களில்தான் மாமா அவதிப்பட்டிருக்கிறார். 'ரிபீட்' தேர்வைக் கொடுத்து அதைச் சரிசெய்தேன். துண்டிக்க மறக்காமல் இருக்கவும் பழகிக்கொண்டேன். நகலெடுத்த உரை இரு கணினிகளுக்கிடையே பரிமாறப்படுவதை 'நோசெல்' மூலம் நிறுத்தியதும் இதே நாள்களில்தான். என் வங்கிக் கடவுச்சொல் அவருடைய கடிதத்தில் ஒட்டப்படுவதை நான் விரும்பவில்லை.

என் தங்கையும் சில நேரம் விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றாள். கடவுச்சொற்களை ஒரே கோப்பில் எழுதி, இடையில் 'பிகின் வியூஒன்லி' என்ற குறிவரியை இட்டால், அதற்குக் கீழுள்ள கடவுச்சொற்களால் பார்க்க மட்டுமே முடியும். அவளுக்குக் கீழே உள்ளதைக் கொடுத்தேன். 'ஷேர்ட்' தேர்வையும் சேர்த்தேன். இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் இணைந்திருக்க முடியாது.

இனி அந்த 'சாலிட்'. மாமாவின் திரையில் ஏற்காடு ஏரியின் படம் பின்னணியாக இருந்தது. பனியும் மரங்களும் நிறைந்த அந்தப் படம் எந்தச் சுருக்க முறைக்கும் எளிதில் அடங்காதது. 'சாலிட்' தேர்வு, யாராவது இணைந்ததும் பின்னணியை ஒரே நிறமாக்கி, கடைசி ஆள் வெளியேறியதும் பழைய படத்தைத் திரும்ப வைக்கும். முதல் நாள் ஏரி மாயமானதைப் பார்த்து மாமா பதறிப்போனார். இப்போது அதையே அடையாளமாகக் கொண்டிருக்கிறார். போன வாரம் வேலையை முடித்துவிட்டு நான் எதையோ யோசித்தபடி இருந்தபோது போன் வந்தது: "ஏரி இன்னும் வரலையே மாப்ளே, கிளம்பலையா?"