தமிழ் வழியே ஜப்பானியம்: ஜேஎன்யூவில் படித்த அனுபவம்

டெல்லி ஜேஎன்யூவில் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) ஜப்பானிய மொழி பி.ஏ. ஆனர்ஸ் சேருவதற்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்கத் தேவையில்லை. சியுஇடி என்ற பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தால், பாடம் 'அ, இ, உ, எ, ஒ' என்று பாலர் வகுப்பு மாதிரிதான் தொடங்கும். நம் குறில் ஐந்தும் அதே வரிசையில்! பழைய இந்திய எழுத்து முறையைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக அந்த வரிசை ஜப்பானுக்குப் போனது என்பார்கள். ஜப்பானியத்தில் ஒலியைக் குறிக்கும் எழுத்து வரிசைகள் இரண்டு. அதில் ஹிராகானாவின் 46 அடிப்படை எழுத்துகளும் அதே அளவு கடகானாவும் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எழுதி எழுதிப் பழகவேண்டியதுதான்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'கொகொ' என்றால் இங்கே, 'கோகோ' என்றால் மேல்நிலைப் பள்ளி. இந்தியில் குறில் ஒகரம் கிடையாது என்பதால், வகுப்பில் வடக்கத்தி நண்பர்கள் இந்த வித்தியாசத்துக்குத் தனியாகப் பயிற்சி எடுத்தார்கள். குறிலும் நெடிலும் சொல்லித்தான் நாம் மொழியையே தொடங்குகிறோம், அதனால் எனக்கு அது தானாக வந்தது. ஆனால் ககரத்துக்கு நம்மிடம் ஒரே எழுத்துதான். அதனால் தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் 'k', 'g' ஒலிகள் குழம்பும். முதல் வாரத்திலிருந்தே ஹிராகானாவில் எழுதுங்கள்.

இலக்கணம்தான் இந்தப் பதிவை எழுதவைத்த விஷயம். பாடத்தை ஆங்கிலத்தில் விளக்குவார்கள், நடுநடுவே இந்தியும் வரும். ஆங்கில விளக்கத்தில் 'தே வடிவம்' என்பது விதிகளும் விதிவிலக்குகளும் நிறைந்த பெரிய அட்டவணை. தமிழில் யோசித்தால் அது நம் வினையெச்சம். 'தபெதெ' என்றால் 'சாப்பிட்டு'. அதோடு பார் என்ற பொருளுள்ள 'மிரு'வைச் சேர்த்தால் 'தபெதெ மிரு', அதாவது 'சாப்பிட்டுப் பார்'. 'கத்தெ' என்றால் வாங்கி, 'ஒகு' என்றால் வை. 'கத்தெ ஒகு' என்பது முன்கூட்டியே 'வாங்கி வை' என்கிற அதே அர்த்தம்தான். ஒரு காரியம் நடந்து முடிந்துவிட்டதைச் சொல்ல நாம் 'விட்டேன்' சேர்க்கிற இடத்தில் அவர்கள் 'ஷிமத்தா' சேர்ப்பார்கள். இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும், தமிழில் ஒரு துணைவினை போதும்.

'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை அப்படியே சொல் வரிசை மாறாமல் ஜப்பானியத்தில் சொல்லலாம். 'என்று நினைக்கிறேன்' என்பதற்கு 'தொ ஒமொஉ'. அங்கே 'தொ' நம் 'என்று' செய்கிற வேலையைச் செய்கிறது. 'யார்' என்பதோடு 'உம்' சேர்ந்து 'யாரும்' ஆவதுபோல 'தரெ' என்பதோடு 'மொ' சேர்ந்து 'தரெமொ' ஆகும். இது புரிந்த பிறகு இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படிப்பதையே விட்டுவிட்டேன். டெல்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் யோசிப்பதே ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அவர்களிடம் நான் வேண்டிச் சொல்வது இது: இலக்கணக் குறிப்புகளையாவது வீட்டுத் தமிழில் எழுதுங்கள்.

இதைச் சொன்னால் உடனே 'தமிழிலிருந்து ஜப்பானியம் வந்ததாமே?' என்று கேட்பார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டென்று நிறைய எழுதினார். ஒப்பியல் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பது வேறு, பிறப்பு ஒன்றாக இருப்பது வேறு. படிக்கிறவருக்கு அமைப்பே போதும்.

சரி, கான்ஜிக்கு, அதாவது சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகளுக்கு வருவோம். இதில் தமிழ் துளியும் உதவாது. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். ஜப்பானியப் பிள்ளைகளே ஆறு வருடத் தொடக்கப் பள்ளியில் 1,026 எழுத்துகளைத்தான் படிக்கிறார்கள். எண்ணிக்கையைவிட வாசிப்புதான் சோதிக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு 'நிச்சியோபி'. அதில் முதலிலும் கடைசியிலும் இருப்பது ஒரே எழுத்து. முதலில் 'நிச்சி', கடைசியில் 'பி'. தனி எழுத்தாக மனப்பாடம் செய்வது வீண் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். சொல்லாகப் படியுங்கள், எழுத்தின் உறுப்புகளைக் கவனியுங்கள். இடப்பக்கம் மூன்று நீர்க்கோடுகள் வந்தால் கடல், ஏரி, நீந்து, கழுவு என்று ஏதோ தண்ணீர் சங்கதி. தினமும் கொஞ்சம் எழுதியே ஆகவேண்டும், வாரக் கடைசியில் சேர்த்து வைத்துப் படிப்பது நிற்காது.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு டெல்லியில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். அதில் எளிய என்-5 முதல் கடினமான என்-1 வரை ஐந்து நிலைகள். என்-5, என்-4 வகுப்புப் பாடத்தோடு ஓடிவிடும். என்-3இல்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். பாடநூல் வாக்கியம் முடிந்து, நிஜமான வாசிப்பு ஆரம்பிக்கிற இடம் அது. லாஜ்பத் நகர் ஜப்பான் ஃபவுண்டேஷன் நூலகம் அந்தக் கட்டத்தில் எனக்குப் பெரிய துணை. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே எளிய ஜப்பானியத்தில், கான்ஜிக்கு மேலே உச்சரிப்பைப் போட்டு வெளியிடும் செய்திகளையும் தினமும் படித்தேன். என்-2க்கு 180இல் 90 வேண்டும், ஆனால் மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றிலும் 60க்கு 19 எடுக்காவிட்டால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் ஃபெயில். கேட்டல் பகுதியை ஒதுக்கிவைத்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, கட்டுரையும் கிடையாது. என்-2 சான்றிதழ் கையிலிருந்தும் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசத் திணறுபவர்கள் உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய குறை. குருகிராம், மானேசர் தொழிற்சாலைகளிலும் ராஜஸ்தானின் நீம்ரானாவிலும் மொழிபெயர்ப்பாளர் வேலை இருக்கிறது, ஆனால் அங்கே கேட்பது வாய்மொழி.

இப்போது எம்.ஏ.வில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது மரியாதை மொழி. 'நீங்க, வாங்க' என்று வளர்ந்த நமக்கு இது சுலபம் என்று தோன்றும். வெளி நிறுவனத்தார் ஃபோனில் நம் மேனேஜரைக் கேட்டால் 'சார் வெளியே போயிருக்கிறார்' என்போம். ஜப்பானியத்தில் வெளியாரிடம் பேசும்போது நம் மேனேஜர் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்க்கக்கூடாது, அவர் செயலுக்கும் நம்மைத் தாழ்த்திச் சொல்லும் பணிவு வினைதான் போடவேண்டும். யார் பெரியவர் என்பதைவிட யார் நம்மவர், யார் வெளியார் என்பதே அங்கே கணக்கு. இது வாயில் சரளமாக வர, அலுவலக உரையாடல் ஒலிப்பதிவுகளைப் போட்டு, பேசுகிறவரோடு சேர்ந்தே நானும் சொல்லிப் பழகுகிறேன். தினமும் காலை, வகுப்புக்குப் போகும்முன்.